தம்பியின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் ஒரு ஊழியர்: மறுத்தால் அவிசுவாசமா?

பாலக்கோடு மகள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சிறிய கிராமம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன், விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. தக்காளி போட்ட செலவு கைக்குத் திரும்பவில்லை, அப்பாவுக்குக் கடன் இருக்கிறது. தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் சில மாதங்களாக வலிப்பு வரவில்லை.

எங்கள் தெருவில் நடக்கும் வீட்டு ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு ஊழியர், அதாவது பிரசங்கியார், வந்தார். அம்மாவைப் பார்த்தவுடன், "உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு சாபம் இருக்கிறது, அது கடைசிப் பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். பிறகு தனியாக அழைத்து இரண்டு காரியங்கள் சொன்னாராம். மூன்று வாரம் குடும்பமாக உபவாசம், அந்த நாட்களில் தம்பி மாத்திரை தொடக் கூடாது. அடுத்தது, தாலியைத் தவிர வீட்டில் இருக்கும் நகையை விதைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும், நூறத்தனையாகத் திரும்பி வரும். மல்கியா 3:10 வாசித்து, "கர்த்தரே என்னைச் சோதித்துப் பாருங்கள் என்கிறார், உனக்கு விசுவாசம் இருந்தால் செய்" என்றாராம். யாரிடமும் சொல்லக் கூடாதாம், போதகரிடம்கூட.

அம்மா என்னிடம் மட்டும் சொன்னார். அவர் மறைத்த இரகசியத்தை இங்கே எழுதுவது எனக்குப் பாரமாக இருக்கிறது. ஆனால் அதைவிடப் பாரமான ஒன்று உண்டு. அவர் சொன்னது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று என் மனமும் ஏங்குகிறது. தம்பி ஒரு நாளாவது பயமில்லாமல் கிணற்றடிக்குப் போய் வர வேண்டும், சைக்கிள் ஓட்ட வேண்டும். அந்த ஆசை வரும்போது வேத வசனம் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. நான் எப்படி நிற்பது?

---

வெள்ளைச் சீருடை

தங்கையே, வசனம் பேச இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செவிலியர், எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது என்று தொடர் வலிப்பு வந்துவிடக்கூடும். அது உயிரைக்கூடப் பறிக்கும். நீண்ட காலம் வலிப்பு வராதவர்களுக்கு மருத்துவரே மருந்தைக் குறைப்பது உண்டு. பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிப்பார்கள், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வார்கள்.

முழு இரவு ஜெபத்திலும் தம்பியை உட்கார வைக்காதீர்கள். தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும், சாப்பிடாமல் இருப்பதும் சிலருக்கு அப்படித்தான். ஒருவேளை வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். உங்கள் தம்பி அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறான். சில மாதங்களாக வலிப்பு வரவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் ஸ்தோத்திரத்தோடு வாசித்தேன். அதை யாரும் கெடுத்துவிடக் கூடாது.

---

தேன்கனிக்கோட்டை விசுவாசி

நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். தெய்வீக சுகத்தை, அதாவது ஜெபத்தால் நோய் தீரும் என்பதை, முழு மனதோடு நம்புகிறேன், தீர்க்கதரிசன வரம் இன்றும் உண்டு என்றும் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் காரியத்தில் கோபம் வருகிறது.

"தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், மூச்சு விடாமல் அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கொரிந்து சபைக்கோ, இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று ஒழுங்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் மற்றவர்கள் கேட்கவே கூடாது என்று சொல்லித் தனியாக அழைத்துக் கொடுத்த தீர்க்கதரிசனத்தை யார் நிதானிப்பது? போதகரிடம் சொல்லாதே என்றபோதே அது வேத ஒழுங்கை விட்டு வெளியே போய்விட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு, பெரியவர்கள் பதில் சொல்லட்டும். மத்தேயு 17இல் சந்திரரோகியான, அதாவது வலிப்பு நோயுள்ள, பையனை இயேசு குணமாக்கும்போது பிசாசை அதட்டினார் என்று இருக்கிறதே. அந்த ஊழியர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

---

அரூர் உபதேசியார்

மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எப்படி நிற்பது என்று கேட்டாய். ஆசை வந்ததே என்று உன்னை நீயே குற்றவாளியாக்காதே. வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசமிருந்த ஆண்டவருக்குப் பசி உண்டாயிற்று என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது. பசி பாவமில்லை. சோதனைக்காரன் அந்தப் பசியைத் தேடித்தான் வந்தான். உன் வீட்டில் பசி எங்கே இருக்கிறது? தம்பியின் சுகத்தில். அங்கேதான் கதவு தட்டப்பட்டிருக்கிறது.

அவன் பேசிய விதத்தைக் கவனி. "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்." அதற்குச் சற்று முன்புதான் யோர்தான் கரையில், இவர் என்னுடைய நேசகுமாரன் என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாகியிருந்தது. பிதா சொல்லிவிட்டதை மகன் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்கிறான் இவன். உன் தாயாரிடம் "விசுவாசம் இருந்தால் செய்" என்று சொன்னதும் இதே பேச்சுதான். ஞானஸ்நானம் எடுத்து, இத்தனை வருடம் கண்ணீரோடு ஜெபித்து, நோயாளிப் பிள்ளையை வளர்த்த ஒரு தாய் தன் விசுவாசத்தை நகையை வைத்து நிரூபிக்க வேண்டுமா?

தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தியபோது பிசாசு வேதத்தையே எடுத்தான், 91ஆம் சங்கீதத்தை. "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று சங்கீதத்தில் இருக்கிறது. மத்தேயுவில் அவன் சொல்லும்போது "உன் வழிகளிலெல்லாம்" இல்லை. அடுத்த வசனம் சிங்கத்தையும் சர்ப்பத்தையும் மிதித்துப்போடுவதைப் பற்றியது, அதற்கு முன்பே நிறுத்திக்கொண்டான். ஆண்டவர் கொடுத்த பதில் உபாகமம் ஆறாம் அதிகாரத்திலிருந்து வந்தது: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." மருந்தை எறிந்துவிட்டுத் தேவன் காப்பாரா என்று பார்ப்பது உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான். நம் ஆண்டவர் குதிக்கவில்லை. அதை ஒருவரும் அவிசுவாசம் என்று சொல்லமாட்டார்.

மல்கியாவுக்கு வருகிறேன். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்ன வசனம் அது. அந்த ஆகாரம் யாருக்கு? உபாகமம் 14ஐப் பார், மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக. இல்லாதவன் வீட்டில் இருக்கும் கடைசிப் பவுனையும் உருவிக்கொண்டு போக அந்த வசனத்தில் இடமே இல்லை. நூறத்தனை பலன் விதைக்கிறவன் உவமையில் வருகிறது. அந்த உவமையின் பொருளை இயேசுவே சொல்லிவிட்டார்: "விதை தேவனுடைய வசனம்." பணம் என்று அவர் சொல்லவில்லை.

தேன்கனிக்கோட்டைத் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அந்தப் பையனிடத்தில் அசுத்த ஆவி இருந்தது உண்மை, இயேசு அதை அறிந்திருந்தார். ஆனால் அதே மத்தேயு 4:24இல் பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. எல்லா வலிப்பும் பிசாசு என்றால் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பையனின் தகப்பன் சொன்னதை மாற்கு பதிவு செய்திருக்கிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கையோடு, கண்ணீரோடு நின்ற மனிதன். உன் விசுவாசம் முழுமையாகட்டும், பிறகு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைத் தொட்டு எழுப்பினார். ஒரு காசு கேட்கவில்லை.

---

கர்த்தரின் ஊழியன்

இங்கே எல்லோரும் மனுஷ ஞானத்தால் பேசுகிறீர்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கையே பலிபீடத்தில் கிடத்தினான். சாறிபாத் விதவை தனக்கும் மகனுக்கும் வைத்திருந்த கடைசி மாவில் தீர்க்கதரிசி எலியாவுக்கு முதல் அடை சுட்டுக் கொடுத்தாள், பானையில் மா குறையவில்லை. கொடுக்காதே என்று அந்தத் தாயைத் தடுக்கிறவர்கள் ஆசீர்வாதத்தையும் தடுக்கிறார்கள். யோசித்துப் பேசுங்கள்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

ஐயா, சாறிபாத் விதவையின் கதையை முழுவதும் வாசியுங்கள். எலியா அந்த அடையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவில்லை. அதே வீட்டில் தங்கி, அதே பானையிலிருந்து, அந்தப் பஞ்ச காலத்தில் அநேக நாள் அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார். பிள்ளை இறந்தபோது மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அவன்மேல் மூன்று தரம் குப்புற விழுந்து கதறினார். "உன் விசுவாசம் போதவில்லை" என்று அவளிடம் சொல்லவில்லை. பாலக்கோட்டுக்கு வந்த மனிதர் அந்த வீட்டில் தங்கிக் களி சாப்பிட்டு, அந்தப் பையனுக்கு வலிப்பு வரும் இரவில் கூட இருப்பாரா?

ஆபிரகாம் விஷயமும் அப்படித்தான். அவனிடம் பேசியது தேவன், இடையில் காணிக்கைப் பை வைத்திருந்த ஆள் யாரும் இல்லை. கடைசியில் "பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே" என்று கத்தியைத் தடுத்ததும் தேவன்தான்.

என் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் மாங்காய்க் குத்தகைக்கு வாங்கிய முன்பணத்தை அப்படியே ஒரு கூட்டத்தில் விதையாகப் போட்டது. அந்த ஆண்டு பூ பிடிக்கும் நேரத்தில் மழை பெய்து பூவெல்லாம் கருகிவிட்டது. மாம்பழக்கூழ் ஆலைக்கு அனுப்பப் பெங்களூரா காய் ஒரு லோடுகூடத் தேறவில்லை. குத்தகைக்காரருக்குப் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை. அந்த ஊழியரிடம் கேட்டபோது, "சந்தேகத்தோடு விதைத்திருப்பீர்கள்" என்று பதில் வந்தது. பணத்தை இழந்ததைவிட அந்த வார்த்தைதான் அந்த அம்மாவை உடைத்தது. இன்றும் ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறார். தேவன் தன்னை ஒதுக்கிவிட்டார் என்று நினைக்கிறார். இந்தப் பாவத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

---

எலத்தகிரி

நான் கத்தோலிக்கன். செபம் பற்றிய எங்கள் மரபிலிருந்து ஒன்று சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் ஆவிகளைத் தேர்ந்து தெளிவதற்கு விதிகள் எழுதினார். அதில் ஒன்று, பகைவன் கள்ளக் காதலனைப் போல நடந்துகொள்வான் என்பது. ஒரு பெண்ணிடம் கெட்ட எண்ணத்தோடு பேசுகிறவன் அவள் தன் தந்தையிடமோ கணவனிடமோ சொல்லிவிடக் கூடாது என்றுதான் பயப்படுவான். சொல்லிவிட்டால் அவன் திட்டம் முடிந்தது. சோதனையும் அப்படியே, நல்ல ஆன்ம குருவிடம் திறந்து சொன்னவுடன் அதன் பலம் போய்விடும் என்கிறார்.

இன்னொரு விதி, மனம் இருண்டு கலங்கியிருக்கும்போது ஏற்கெனவே எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பது. மருத்துவர் சொன்னபடி மருந்து கொடுப்போம் என்று உங்கள் பெற்றோர் தெளிவான மனதோடு முடிவெடுத்தார்கள். கிணறு வற்றி, கடன்காரன் வாசலில் நிற்கும் நேரத்தில் அதை மாற்றச் சொல்லும் குரல் எதுவாக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

எங்கள் பங்கிலும் ஒரு தாய் மகனின் மருந்தை நிறுத்திவிட்டு வந்து ஆசீர் கேட்டார். பங்குத்தந்தை மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன்மேல் சிலுவை அடையாளம் வரைந்து, "இதைத் தவறாமல் கொடுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

---

பாலக்கோடு மகள்

எல்லோருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவர் பொய்யர் என்றால் தம்பிக்கு வலிப்பு இருப்பதும் அப்பாவுக்குக் கடன் இருப்பதும் அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சாபத்தைப் பற்றியும் பயம் போகவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஒரு நிலத்தகராறு உண்டு.

---

வெள்ளைச் சீருடை

வீட்டு ஜெபத்தில் ஜெபக் குறிப்பு சொல்வார்கள் அல்லவா? தம்பிக்காக ஜெபியுங்கள் என்று அம்மாவே எத்தனை முறை சொல்லியிருப்பார்! அதை யாராவது முன்கூட்டியே அவர் காதில் போட்டிருக்கலாம்.

---

அரூர் உபதேசியார்

அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்த விசாரணையில் நம் விசுவாசத்தை நிறுத்த வேண்டாம். நாளைக்கு யாருமே சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வாய்? உபாகமம் 13 அதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஒரு தீர்க்கதரிசி அடையாளம் சொல்லி, அந்த அடையாளம் நடந்தே விட்டாலும், அவன் உன்னைத் தேவனைவிட்டு வேறு வழிக்கு அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. நடந்ததா என்பதோடு எங்கே அழைக்கிறான் என்றும் பார்க்க வேண்டும். இவர் எங்கே அழைக்கிறார்? போதகருக்கு மறைப்பதற்கு, மருந்தை எறிவதற்கு, சாபத்துக்குப் பயப்படுவதற்கு, நகைக்கு.

1 இராஜாக்கள் 13ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசி. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷன், அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்று கர்த்தரிடமே கேட்டிருந்தான். ராஜா பாதி வீட்டைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்று மறுத்தவன் அவன். அப்படிப்பட்டவனை ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, நானும் உம்மைப் போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் என்னோடே பேசினான் என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. ராஜாவின் வெகுமதிக்கு மயங்காதவன் ஊழியக்காரன் பேச்சுக்கு மயங்கினான். கர்த்தர் தனக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொன்னதை இன்னொருவர் சொன்ன தரிசனத்துக்காக விட்டுக்கொடுத்தான்.

சாபத்துக்கு என் பதில் சுருக்கமானது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் சொன்னார்: "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 அதிகாரம் முழுவதும் வாதாடுகிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார் என்று கலாத்தியர் 3:13. சிலுவையில் தீர்ந்த கணக்கைத் தாத்தாவின் வரப்புத் தகராறைக் காட்டி யாரும் மறுபடி வசூலிக்க முடியாது. நிலத்தில் யாருக்காவது அநியாயம் நடந்திருந்தால் போய்ச் சமாதானம் செய்யுங்கள். அதற்குக் காணிக்கை தேவையில்லை.

---

தேன்கனிக்கோட்டை விசுவாசி

ஐயாவோடு ஒன்று சேர்க்கிறேன். குஷ்டரோகியான நாகமான் சுகமானபோது தீர்க்கதரிசி எலிசா ஒன்றும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கியது வேலைக்காரன் கேயாசி, அவனுக்குக் குஷ்டம் வந்தது. சுகத்துக்கு விலை சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இயேசு சுகமாக்கிய குஷ்டரோகியையே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்று அனுப்பினார். சுகம் உண்மையானால் பரிசோதனைக்குப் பயப்படாது. தம்பிக்கு அற்புதம் நடக்கட்டும், நானும் ஜெபிக்கிறேன். நடந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவரே பார்த்து மருந்தைக் குறைக்கட்டும். நடக்காவிட்டால்? பவுல் மூன்று முறை வேண்டியும் அவர் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

---

பாலக்கோடு மகள்

நேற்று இரவு அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். வீட்டில் பெரிய சத்தம். அம்மா பீரோவிலிருந்து எடுத்து வைத்திருந்த நகையை மஞ்சள் துணியோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தம்பி எழுந்து போய், மாத்திரை அட்டையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து அம்மா முன்னால் உட்கார்ந்தான். "நீயே ஜெபம் பண்ணிக் கொடு அம்மா" என்றான். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அட்டையைப் பிரித்து, கண்ணை மூடி ஜெபித்து, மாத்திரையை அவன் கையில் வைத்தார்.

காலையில் அந்த ஊழியருக்கு அப்பா போன் செய்து, நாங்கள் கொடுப்பதாக இல்லை, எங்கள் போதகரோடு வந்து பேசுகிறோம் என்றார். "அப்படியானால் என்ன நடந்தாலும் நான் பொறுப்பில்லை" என்று வைத்துவிட்டார். அம்மாவுக்கு இன்னும் பயம் இருக்கிறது. இரவில் இரண்டு முறை எழுந்து தம்பி மூச்சு விடுகிறானா என்று பார்த்தாராம்.

இப்போது அடுத்த கேள்வி. அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அவர் இதேபோலச் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. நாங்கள் வெளியே சொல்ல வேண்டுமா? அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்ற வசனத்தைச் சொல்லி அம்மா பயப்படுகிறார்.

---

எலத்தகிரி

நிச்சயமாகச் சொல்லுங்கள். அந்த வீடுகளிலும் நோயாளிகள் இருந்தால் நாள் கடத்த வேண்டாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், மந்திர சக்தியால் நோய் தீரும் என்று செய்யும் விளம்பரங்களைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வலிப்பு நோயும் இருக்கிறது. நோட்டீஸ் அச்சிட்டிருந்தால் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

---

தேன்கனிக்கோட்டை விசுவாசி

சகோதரி, அந்த வசனத்தைத் தாவீது எப்படிப் பிடித்துக்கொண்டான் என்று பாருங்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலின் மேல் கை போடவில்லை, அது உண்மை. ஆனால் குகைக்கு வெளியே நின்று, சவுல் செய்தது அநியாயம் என்று சத்தமாகச் சொன்னான். கர்த்தர் நியாயம் விசாரிக்கட்டும் என்றும் சொன்னான். உண்மையைச் சொல்வது கை போடுவது ஆகாது. பேதுருவையே பவுல் அந்தியோகியாவில் எல்லோருக்கும் முன்பாக எதிர்த்தார்.

ஒழுங்காகச் செய்வோம். ஒரு சபை மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. மற்ற இரண்டு வீட்டுத் தாய்மார்களும் உங்கள் அம்மாவும் ஆளுக்கு ஒரு தாளில், அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் எழுதட்டும், ஒன்றும் கூட்டிச் சொல்ல வேண்டாம். உங்கள் போதகர் அதை எடுத்துக்கொண்டு அவரை அழைத்த வீட்டாரிடம் முதலில் பேசட்டும். அதன் பிறகு வீட்டு ஜெபத்திலேயே சொல்லலாம். எங்கள் சபைப் போதகரையும் கேட்டேன், வரச் சம்மதித்திருக்கிறார். பெந்தெகொஸ்தேகாரரே வந்து இது எங்கள் உபதேசமல்ல என்று சொன்னால் அந்தத் தெருவில் எடுபடும். எந்த நாள் வசதி என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், நாங்கள் ராயக்கோட்டை வழியாக வந்துவிடுகிறோம்.

---

வெள்ளைச் சீருடை

மற்ற இரண்டு வீடுகளிலும் என்ன மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று இன்றே கேட்டு எழுதுங்கள், தங்கையே. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களோ காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களோ இருந்தால் போதகர்கள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அவர்களை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தம்பிக்கு மாத்திரை தீரும் தேதியையும் பார்த்து வையுங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கிவிடுங்கள்.